அப்பாவுக்குப் பசு போதும்

மார்ச் 3

இன்று வகுப்பில் எல்லோர் முன்னாலும் என் தோலை உரித்தார் ஸெலிமா அக்கா. பிஷ்கெக்கில் வீடியோ, டிஜிட்டல், நிகழ்த்துகலை மூன்றையும் சொல்லித்தரத் தகுதியுள்ள ஒரே ஆள் தான்தான் என்பது அவருடைய நினைப்பு. நான் கம்பளி விரிப்பைச் சுற்றிக்கொண்டு காலையிலிருந்து மதியம்வரை கல்லூரி மாடிப்படியில் கிடந்தேன். தாலாய் அதைப் படம் எடுத்துக் கொடுத்தான். பெண்ணின் உடல், நாடோடியின் வீடு, சுமை என்றெல்லாம் பெரிதாகக் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். அக்கா படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஜிபார், இதுல நீ எங்கடி இருக்க? சுருட்டி வெச்ச கம்பளம்தான் தெரியுது. எவனாவது வெளிநாட்டுக்காரன் பார்த்தா தூக்கிட்டுப் போய் வீட்டுல விரிச்சுக்குவான்."

எல்லோரும் சிரித்தார்கள். படம் எடுத்த தாலாய்தான் அதிகம் சிரித்தான், துரோகி. அவன் படைப்பும் தப்பவில்லை. செத்துப்போனவர்களின் பழைய புகைப்படங்களைக் கம்ப்யூட்டருக்குத் தீனி போட்டு, அவர்களைக் கண் சிமிட்ட வைத்திருக்கிறான். அக்கா கொட்டாவி விட்டார்.

"செத்தவங்களை இமைக்க வைக்கிறது திருவிழா வித்தை. இதுக்கு ஒரு மெஷின் போதும், நீ எதுக்கு?"

மே மாதம் அல்மாத்தியில் கண்காட்சி. எங்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒருவருக்கு அங்கே ஒரு சுவர் கிடைக்கும். அந்தச் சுவர் எனக்கு வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

மார்ச் 5

எத்தனை தடவை கொப்பளித்தும் வாயில் கம்பளி முடி வருகிறது.

மார்ச் 9

நேற்று மகளிர் தின விருந்து. அப்பா சீக்கிரமே வீடு திரும்பிவிட்டார். இந்தக் குடியிருப்பில் கல்யாணம், பிள்ளைப்பேறு, வீடு புகுதல் எதுவானாலும் மைக்கைப் பிடித்து விருந்தை நடத்தி வைக்கிறவர் ஷெர்கஸி, அதாவது என் அப்பா. இருபது வருடமாக அதுதான் தொழில், அதுதான் மூச்சு. நேற்று மைக்கை ஒரு இளவட்டப் பையனிடம் கொடுத்துவிட்டார்களாம். இவருக்கு ஓரமாக நாற்காலி.

"இந்தத் தெருவுல பாதிக் கல்யாணம் என் வாயாலதான் நடந்துச்சு. இப்ப பொடிப்பய பாட்டுப் போட்டுக் குதிக்கிறான், எல்லாரும் கை தட்டுறானுங்க."

"சூப் ஆறுது, சாப்பிடுங்க" என்றாள் அம்மா.

"நான் செத்தாத்தான் இவனுங்களுக்குத் தெரியும். அன்னிக்கு எத்தனை பேர் வந்து கதறுறான்னு பாரு உம்சுனாய்."

"நான் பார்ப்பேன். நீங்க எங்க பார்க்கப் போறீங்க?"

அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்று முகத்தில் தெரிந்தது. தன் சாவைத் தான் பார்க்க முடியாது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்த மாதிரி. எனக்கும் அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அப்பாவைத் தேற்ற வேண்டும் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

மார்ச் 10

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஸெலிமா அக்கா ஐரோப்பாவில் போய்ப் படித்துவந்த நிகழ்த்துகலை எங்கள் தெருவில் மாதம் ஒருமுறை நடக்கிறது. முற்றத்தில் கூடாரம் எழும்பினால் சாவு. அவ்வளவுதான் அறிவிப்பு. யார் செத்தார் என்று கேட்டுக்கொண்டு எவனும் நிற்பதில்லை. ஆண்கள் தெருமுனையிலேயே குரலெடுத்து அழ ஆரம்பித்து, அழுதபடியே ஓடி வருகிறார்கள். பெண்கள் கூடாரத்துக்குள் சுவரைப் பார்த்து, வருகிறவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள். பிணம் திரைக்குப் பின்னால் இருக்கிறது. ஒத்திகை கிடையாது. வேடிக்கை பார்க்க வருகிறவன் என்று ஒருவனும் கிடையாது, வருகிற எல்லோரும் நடிக்கிறார்கள், யாருமே நடிக்கவில்லை.

திரைக்குப் பின்னால் பிணத்துக்குப் பதிலாக உயிருள்ள மனிதன் உட்கார்ந்து, தன் துக்கத்தை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தால்?

முற்றத்திலும் கூடாரத்திலுமாக நான்கு கேமரா. நான்கும் அப்பாவின் கையிலிருக்கும் டேப்லெட்டுக்குப் போகும். ஐந்தாவது கேமரா அப்பாவின் முகத்தில். படம் என்பது அந்த முகம்தான்.

மார்ச் 11

அக்கா நம்பவில்லை.

"ஊரைக் கூட்டி, அவர் செத்துட்டார்னு பொய் சொல்லப் போறியா?"

"ஒரு பொய்யும் சொல்ல மாட்டோம்க்கா. கூடாரம் மட்டும் போடுவோம். மத்ததை அவங்களே சொல்லிக்குவாங்க."

"உங்கப்பா ஒத்துக்குவாரா?"

"அவர்தான் கேட்டார்."

அக்கா என்னைப் பார்த்தார். "உனக்கு வெட்கமே இல்ல. நல்லது. அது இருக்கிறவ கேமராவைத் தொடவே கூடாது." என் மூன்று வருடப் படிப்பில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு இதுதான்.

மார்ச் 16

அப்பா ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டாரா! குழந்தை மாதிரி துள்ளுகிறார். மதியம் எல்லோரும் அழுது முடித்த பிறகு திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து ஒரு பேச்சு பேசுவாராம். ஊரே சிரித்துக் கட்டிப்பிடித்துக்கொள்ளுமாம். பிறகு எந்த விருந்துக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்களாம். இப்போதே பேச்சை எழுத ஆரம்பித்துவிட்டார்.

பெரியப்பாவிடம் மட்டுமாவது சொல்லிவிடலாம் என்றேன். மூகாஷ் பெரியப்பா பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார், கோபக்காரர்.

"அவனுக்குச் சொல்லவே கூடாது. எங்கண்ணன் எனக்காக அழறதைத்தான் நான் பார்க்கணும்."

அம்மா தரையில் துப்பினாள். "சாவைக் கூப்பிட்டு வெச்சுக் கூத்தடிக்கிறீங்களா ரெண்டு பேரும்? நாளைக்கு இந்தத் தெருவுல நான் நடமாடணும்."

"மக படிப்பு உம்சுனாய்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அங்க உட்கார்ந்து நீ என்னத்தை நினைச்சுடி அழுவ?"

"நடிப்பேம்மா."

"என்னால ஆகாது."

"நீ சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்தாலே போதும்."

ஏப்ரல் 2

நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து சினிமாவுக்கு என்று சொல்லிக் கூடாரத்தை வாடகைக்குப் பேசியாயிற்று. கேமராக்களை மறைக்க தாலாய் உதவுகிறான். ஒன்று விறகுக் குவியலில், ஒன்று தேநீர் கொதிக்கிற சமோவார் மேஜைக்கு மேலே, இரண்டு கூடாரத்துக்குள். அப்பா கண்ணாடி முன் நின்று, செத்த முகம் எப்படி இருக்க வேண்டும் என்று பழகுகிறார். உங்கள் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை அப்பா என்றால் கேட்டால்தானே.

ஏப்ரல் 12

முடிந்தது. இப்போது எழுத முடியாது. 

ஏப்ரல் 13

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

விடிவதற்குள் கூடாரம் எழும்பிவிட்டது. வெளிச்சம் வந்ததும் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள், கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஒரு மணி நேரத்தில் தெருவே வந்துவிட்டது. ஒருவர்கூடக் கேட்கவில்லை. வீட்டில் ஆண் என்று இருப்பது அப்பா மட்டும்தான், கேட்க என்ன இருக்கிறது? நானும் அம்மாவும் கறுப்புத் துணியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். நான் அழுதேன், சத்தமாக, கேமராவுக்கு ஏற்றபடி. அம்மா கல்லாக இருந்தாள். எங்களுக்கு நாலடி தள்ளித் திரைக்குப் பின்னால் அப்பா காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பெரியப்பா தெருமுனையிலிருந்து அழுதுகொண்டு வந்தார். அவர் அழுது நான் கேட்டதே இல்லை. "என் முதுகெலும்பு ஒடிஞ்சுதே! தம்பீ, எனக்கு முன்னால போயிட்டியேடா!" நேராகத் திரையிடம் வந்துவிட்டார். தம்பி முகத்தைப் பார்க்க வேண்டுமாம். என் உயிரே போய்விட்டது. அம்மா திரும்பாமல் சொன்னாள், "இப்ப வேணாம் மூத்தவரே." அவர் தலையாட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அன்று அம்மா பேசியது அது ஒன்றுதான்.

வெளியே சமோவார் பக்கம் ஆண்கள் துக்கச் சாப்பாட்டுக்கு என்ன அறுப்பது என்று பேசியிருக்கிறார்கள். மதிப்பானவன் செத்தால் குதிரை, மற்றவனுக்குப் பசு. இதை நான் பிறகு படத்தில்தான் பார்த்தேன், ஆனால் அப்பா அப்போதே பார்த்தார்.

"குதிரை அறுக்கணுமே மூகாஷ். உன்கிட்ட இருக்கே."

"இருக்கிறது ஒரே ஒரு பெட்டை. பால் கறக்குது." பெரியப்பா மூக்கைச் சிந்தினார். "இவனுக்குப் பசு போதும்பா. வாழ்நாள் பூரா அடுத்தவன் விருந்துல தின்னவன்தானே."

எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்புகூட இல்லை, சாவு வீட்டில் வருகிற சிரிப்பு. இன்னொருவர், ஷெர்கஸி பேசி முடிப்பதற்குள் தன் மகன் கல்யாணத்தில் கறியெல்லாம் கல்லாகிவிட்டது என்றார். மறுபடி சிரிப்பு.

கூடாரத்துக்குள் கிழவிகள் அம்மாவை இடித்தார்கள். "உம்சுனாய், அழு. புருஷன் போயிட்டான், ஜனங்க பார்க்குது." அம்மா வாயைத் திறக்கவில்லை. "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவ, ஒரு வரி வரலையா?" வரவில்லை.

அப்போது திரை கிழிகிற மாதிரி விலகியது. அப்பா எழுதி வைத்த பேச்சு ஒன்றும் இல்லை. கையில் டேப்லெட், காதிலிருந்து ஒயர் தொங்குகிறது, கத்துகிறார்: "எனக்குப் பசுவா? டேய் மூகாஷ், எனக்குப் பசுவாடா?"

கிழவிகள் அலறிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். வாசலில் பெரியப்பா வந்து நின்றார். இரண்டு கையும் முழங்கைவரை ரத்தம். பசு ரத்தம் இல்லை. சிரித்துவிட்டுப் போனவர் வேலியோரம் தனியாக நின்று ஒரு சிகரெட் பிடித்தாராம், பிறகு யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்த் தன் ஒரே பெட்டைக் குதிரையை ஓட்டிவந்து மதிலுக்கு அந்தப் பக்கம் தன் கையாலேயே அறுத்திருக்கிறார். மதிலுக்கு அந்தப் பக்கம் கேமரா வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் அப்பாவைப் பார்த்தார். டேப்லெட்டைப் பார்த்தார். கூரையில் ஒளித்த கேமராவையும் பார்த்தார். கத்தவில்லை. வெளியே போய்க் கை கழுவினார்.

"குதிரையை அறுத்தாச்சு" என்றார் எல்லோரையும் பார்த்து. "அதை எழுப்பி நிறுத்த முடியுமா? செத்தவன் செத்தவன்தான். அடுப்பை மூட்டுங்க."

மூட்டினார்கள். கறி வெந்தது. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அவரவர் பங்கைப் பையில் கட்டிக்கொண்டார்கள். அப்பா நடுவில் நின்று பேசினார், சிரிக்க வைக்கப் பார்த்தார், மன்னிப்புக் கேட்டார், கடைசியில் திட்டினார். ஒருவர்கூட நிமிரவில்லை. போகும்போது அவரைச் சுற்றிக்கொண்டு வந்து அம்மாவின் கையைப் பிடித்து, "அவன் மேல விழுற மண்ணு பட்டு மாதிரி மெத்துனு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஏப்ரல் 14

ஐந்தாவது கேமராவைப் பார்த்தேன். அப்பாவின் முகம் மட்டும், டேப்லெட்டின் நீல வெளிச்சத்தில். பெரியப்பா அழும்போது அப்பாவும் அழுகிறார், சந்தோஷத்தில். பசு என்றதும் அந்த முகம் அப்படியே நிற்கிறது. அதன் பிறகு அம்மா எப்போது ஒப்பாரி ஆரம்பிப்பாள் என்று காத்திருக்கிறார், உதடு தானாக அசைகிறது, எடுத்துக்கொடுக்கிற மாதிரி.

என்னால் உட்கார முடியவில்லை, எழுந்து அறைக்குள் நடந்தேன். இவ்வளவு நல்ல படம் எங்கள் வகுப்பில் எவனும் எடுத்ததில்லை.

ஏப்ரல் 17

அப்பா ரொட்டிக் கடைக்குப் போனார். கடைக்காரி அவருக்குப் பின்னால் நின்றவனிடம் "உனக்கு என்ன வேணும்?" என்றாளாம். மசூதியில் அவருக்குப் பக்கத்தில் ஆள் இடம்விட்டு உட்காருகிறான். சலாம் சொன்னால் பதில் இல்லை. அப்பா வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டினார், சிரிக்க வைக்கத்தான். அவர் ஒருவர்தான் சிரித்தார்.

ஏப்ரல் 20

பெரியப்பா அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் எடுத்ததை எல்லாம் அழித்துவிட வேண்டும். சாவு வீட்டில் ஆயிரம் பேசுவோம், அதை எவன் பார்க்கவும் விடக்கூடாது. அழித்துவிட்டு அப்பா அவர் வீட்டு வாசலில் வந்து நின்றால், அவர் பேசுவார். அவர் பேசினால் தெரு பேசும்.

அப்பா என் அறைக்கு வந்தார். கட்டில் நுனியில் உட்கார்ந்தார்.

"மகளே, உனக்கு வேற படம் எடுக்க வராதா? நான் ஒத்தாசை பண்றேன். என்ன வேணாலும் பண்றேன். ஆத்துல குதிக்கச் சொல்லு, குதிக்கிறேன்."

"சரிப்பா" என்றேன்.

ஏப்ரல் 22

அப்பா அம்மா இரண்டு பேர் கண்ணெதிரேயும் எல்லா மெமரி கார்டையும் அழித்துக் காட்டினேன். அப்பா என் நெற்றியில் முத்தமிட்டார். தாலாயின் கம்ப்யூட்டரில் முழுப் பிரதி இருக்கிறது. அது எங்கே போய்விடும்?

கெட்டவளா நான்? இருக்கட்டும்.

ஏப்ரல் 25

அப்பா பெரியப்பா வீட்டுக்குப் போனார். பெரியப்பா பேசவில்லையாம், ஆனால் தேநீர் ஊற்றிக் கொடுத்தாராம். "பாதிக் கிண்ணம்தான் ஊத்தினான்! சீக்கிரம் போன்னு நினைக்கிறவன் முழுக் கிண்ணம் ஊத்துவான். பாதி ஊத்தினா மறுபடி ஊத்துவேன்னு அர்த்தம்." மூன்று தடவை ஊற்றினாராம். இரவு அப்பா பாட்டுப் பாடிக்கொண்டே தூங்கப் போனார்.

மே 6

ஸெலிமா அக்கா முழுவதையும் பார்த்தார். பிறகு கேட்டார், "இதைக் காட்டினா உங்கப்பா என்ன ஆவார்?"

"தெரியல அக்கா."

"தெரியும். சும்மா சொல்லாத."

சுவர் எனக்கு.

மே 15, அல்மாத்தி

இருட்டறை. ஒரு சுவர் முழுக்க அப்பாவின் முகம், எதிர்ச் சுவரில் அவர் பார்த்தது. நடுவில் நிற்கிறவன் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நிற்பான். படம் முடிந்த இடத்திலேயே மறுபடி தொடங்குகிறது. சந்தோஷப்படுகிறார், பசு என்று கேட்கிறார், காத்திருக்கிறார், மறுபடி சந்தோஷப்படுகிறார். வீடியோவில் யாரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை. மேடையில் நடந்திருந்தால் ஒரு தடவையோடு போயிருக்கும், இங்கே அவரை நான் நாள் முழுக்க ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்.

குதிரை படத்தில் இல்லை. எடுக்கவில்லை, அதனால் இல்லை. எழுத்தில் ஒரு வரி போடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். "எதுக்கு? அப்புறம் பெரியப்பா நல்லவர் ஆயிடுவார், படம் செத்துடும்" என்றார். போடவில்லை.

யாரோ ஒரு பெண் அழுதுகொண்டே வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "எவ்வளவு கொடுமையான மனுஷங்க!" என்றாள். எங்கள் தெருவைச் சொன்னாள்.

மே 17

வந்திருந்த எவனோ சுவரைப் போனில் எடுத்துப் போட்டிருக்கிறான். பெரியப்பா மூக்கைச் சிந்துவதிலிருந்து சிரிப்புவரை, அவ்வளவு துண்டு மட்டும். நேற்றைக்குள் எல்லாப் போனிலும் போய்விட்டது. அவரைப் பசு மூகாஷ் என்கிறார்களாம். சந்தையில் முகம் தெரியாத பையன்கள் அவரைப் பார்த்து மாடு மாதிரி கத்துகிறார்களாம். இருந்த ஒரே குதிரையையும் தம்பிக்காக அறுத்தவரை.

அம்மா கூப்பிட்டாள். திட்டவில்லை. "அழிச்சதா சொன்னியே" என்றாள். பிறகு, "உங்கப்பா அவர் வீட்டுக்குப் போனார். கதவு திறக்கல. ராத்திரி வரைக்கும் நின்னுட்டு வந்தார்" என்றாள். அவ்வளவுதான், போனை வைத்துவிட்டாள்.

மே 21

வீட்டுக்கு வந்தேன். தெருவை அடைத்துக்கொண்டு கார்கள். எண்ணெயில் போர்சோக் மாவுத்துண்டுகள் பொரியும் வாசனை, செத்தவர்களுக்காகப் பொரிக்கிறது. ஒரு நொடி நிஜமாகவே பயந்துவிட்டேன், அப்பா ஏதாவது செய்துகொண்டாரோ என்று. வாசலில் பெரியப்பா நின்று வருகிறவர்களை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் கை வைத்தார், மெதுவாகத்தான்.

"வா மகளே. இன்னிக்கு உங்கப்பன் போய் நாற்பதாம் நாள். நாங்க செய்யாம யார் செய்வா? மனசைத் தேத்திக்கோ. நல்ல மனுஷன், என்ன, பேச்சுதான் கொஞ்சம் அதிகம்."

அவருக்குப் பின்னால் அப்பா நின்றிருந்தார். கையில் சொம்பு, தோளில் துண்டு. உள்ளே போகிறவர்களின் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றுவது யார் என்று பார்க்காமலே எல்லோரும் கை நீட்டிக் கழுவினார்கள், துடைத்துக்கொண்டார்கள், போனார்கள்.

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "இன்னிக்கு ஒரு நாள்தான்டி. அவங்க மனசு ஆற வரைக்கும் செஞ்சுக்கட்டும். இது முடிஞ்சா எல்லாம் சரியாயிடும் பாரு."

உள்ளே ஒப்பாரி கேட்டது. அம்மாவின் குரல். அம்மாவுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

"ஊரு சிரிக்கப் பேசுன வாயி
உள்ள வந்தா பேசலையே
வாசலெல்லாம் வாழ்த்து சொன்ன வாயி
என் பேரச் சொல்லிக் கூப்பிடலையே"

கிழவிகள் விம்மினார்கள். சரியான கண்ணீர், நிஜமான கண்ணீர். பையில் கேமரா இருந்தது. நடக்கிறதைத் தாலாய்க்குச் சொல்லியிருந்தேன், அவன் போனில் அனுப்பிக்கொண்டே இருக்கிறான்: எடு, விடாதே. நான் அதைத் தொடவில்லை. நல்ல மனதால் இல்லை, எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா திரும்பாமலே கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். அப்பா சொம்போடு கூடத்து வாசல்வரை வந்து நின்றார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அங்கே நிற்கிறாரே, உயிரோடு, அவர்தானே என் அப்பா என்று ஒரே ஒரு வார்த்தை. முப்பது பேர் அதற்காகத்தான் காத்திருந்தார்கள் என்று நினைக்கிறேன், நான் அவரோடு நிற்கிறேனா அவர்களோடு உட்காருகிறேனா என்று.

நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அழுகை நன்றாகவே வந்தது. ஏப்ரலில் வந்ததைவிட எவ்வளவோ நன்றாக வந்தது.

சாயங்காலம் எல்லோரும் தங்கள் பங்கை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். பெரியப்பா மட்டும் வாசலில் இன்னும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அப்பா ஈரத் துண்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நல்லா அழுதடி மகளே" என்றார்.

நான் அவரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பெரியப்பாவிடம் அவர் பங்குக் கறியைக் கொடுத்தேன்.